நேஸ்பி யுத்தத்தில் கடவுள் எந்தக் கட்சி?

கூட்டங்களில் நம்மைக் கேள்வி கேட்டு மடக்கிவிடலாமென்று வருகின்ற ஆஸ்திக நண்பர்களில் சற்றுப் படித்தவர்களாயிருப்பவர்கள், சமீப காலமாய் ஒரு புதுக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வருகின்றார்கள். அதாவது, "இராஜாவுக்குத் தெய்வாம்சம் இல்லை, கடவுளும் இல்லை என்று நீங்கள் பேசுகின்றீர்களே, இராஜாவின் தலையையே வாங்கிய இங்கிலாந்து தேசத்து ஆலிவர் கிராம்வெல் நாஸ்திகனா? அவன் எந்நேரமும் பைபிளும் கையுமாக இருந்தவனல்லவா? கடவுள் பக்தியில்லாமல் அவனுக்கு அந்தத் தைரியம் எப்படி வந்திருக்கும்?" என்பதேயாகும்.

சென்ற கூட்டத்திலும் ஒரு நண்பர் எழுந்து இதைத்தான் கேட்டார். நேரமாகிவிட்டபடியால் இரண்டொரு வார்த்தைகளில் பதில் சொல்லி உட்கார்ந்துவிட்டோம். வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்த்தால் திருப்தியடைந்தவராகத் தெரியவில்லை. கேள்வி விதண்டாவாதக் கேள்வியுமல்ல. ஆகவே அதற்கு முழுப் பதிலையும் இங்கே எழுதுகின்றோம்.

கிராம்வெல் பெரிய பக்தன் என்பதை நாம் மறுக்கவில்லை. அவன் மாத்திரமல்ல, அவனை எதிர்த்த சார்லஸ் அரசனும் பெரிய பக்தனே. இருவரும் காலையிலும் மாலையிலும் ஜெபம் செய்தவர்கள். இருவரும் ஒரே ஏசுவைத்தான் கும்பிட்டார்கள். இருவருடைய பட்டாளங்களிலும் பாதிரிகள் சம்பளம் வாங்கிக்கொண்டு பிரசங்கம் செய்தார்கள். 1644-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி மார்ஸ்டன் மூர் என்ற இடத்தில் நடந்த சண்டையில், தன் ஆள் யார், எதிரி யார் என்று அடையாளம் கண்டுகொள்வதற்காக இரண்டு கட்சியாரும் ஒவ்வொரு குறிச்சொல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பார்லிமெண்டுக் கட்சியாருடைய சொல் "கடவுள் நம்மோடு" என்பது. இராஜா கட்சியாருடைய சொல் "கடவுளும் இராஜாவும்" என்பது. ஒரே சாயங்காலத்தில், ஒரே வயல்வெளியில், ஒரே கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வயிற்றில் ஒருவர் ஈட்டியைச் செருகினார்கள். அப்படிப்பட்ட கடவுளுக்கு அன்று எவ்வளவு சங்கடமாயிருந்திருக்கும் என்பதை ஆஸ்திக நண்பர்கள்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நிற்க, அந்தச் சண்டை எதனால் வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சார்லசின் தகப்பனான ஜேம்ஸ் அரசன், இராஜாக்கள் பூமியில் கடவுளின் ஸ்தானத்தில் இருப்பவர்கள் என்று பார்லிமெண்டிலேயே பேசினவன். மகன் அதை அப்படியே நம்பி, 1629 முதல் 1640 வரையில் பதினோரு வருஷ காலம் பார்லிமெண்டையே கூட்டாமல் ஆண்டான். பார்லிமெண்டு இல்லாமல் வரி போட முடியாதல்லவா? அதற்காக, கடற்கரை ஊர்களிடம் ஆபத்துக் காலத்தில் வாங்கி வந்த கப்பல் பணம் என்கின்ற பழைய வரியை, கடலைக் கண்ணாலும் பார்த்திராத உள்நாட்டுக் குடியானவனிடமும் வசூல் செய்தான். ஜான் ஹாம்டன் என்பவர் கொடுக்க முடியாதென்று வழக்காடினார். பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் இராஜா பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஏழு பேர்தான் என்பதைக் கேட்டு ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள் என்றால் அக்காலத்து நீதி ஸ்தலத்தின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த இராஜாவுக்குப் பக்கபலமாயிருந்தவர்கள் யார்? பிஷப்புகள். லாட் என்கின்ற தலைமைப் பிஷப்பு, இராஜாவை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பதாகும் என்று கோவில்தோறும் பிரசங்கம் செய்யச் சொன்னான். இராஜா பிஷப்புகளைக் காப்பாற்றினான், பிஷப்புகள் இராஜாவைக் காப்பாற்றினார்கள். நடுவில் குடிகள் வரி கொடுத்தார்கள். பிஷப்புகளைக் கண்டித்து எழுதிய குற்றத்திற்காக 1637-ல் பிரின், பாஸ்ட்விக், பர்ட்டன் என்ற மூன்று பேருக்குக் காதுகள் அறுக்கப்பட்டன. இவர்களில் பிரின் என்பவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே ஒரு தடவை காது அறுத்தாய்விட்டது. அப்போது மிச்சம் விட்டிருந்ததை இப்போது அறுத்தார்கள். கன்னத்திலும் சூடு போட்டார்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் வைத்தியர், ஒருவர் தாமே பாதிரி. படித்தவர்களுக்கே இந்தக் கதியென்றால் பாமர மக்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் 1642-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி நாட்டிங்காம் நகரில் சார்லஸ் தன் சொந்தக் குடிகள்மேலேயே யுத்தக் கொடியை ஏற்றினான். முதலிரண்டு வருஷங்களில் பார்லிமெண்டுப் பட்டாளம் உருப்படியாக ஜெயிக்கவில்லை. ஏன்? அவர்களும் இரவும் பகலும் ஜெபம் செய்துகொண்டுதானே இருந்தார்கள்? உபவாச நாள் என்றே மாதத்துக்கு ஒரு நாளைச் சட்டம் போட்டு ஒதுக்கி, நாடு முழுதும் பட்டினி கிடந்து பிரார்த்தித்தார்களே! ஜெபத்தினால் ஜெயம் வருவதாயிருந்தால் 1642-லேயே வந்திருக்க வேண்டாமா?

ஜெயம் எதனால் வந்தது என்பதைக் கேளுங்கள். அதுவரையில் பட்டாளத்தை நடத்தினவர்கள் பெரும்பாலும் பிரபுக்கள். பிறப்பினால் சேனாதிபதியானவர்கள். இராஜாவை முழுவதும் தோற்கடித்துவிட்டால் நாளைக்குத் தங்களுடைய பிரபுத்துவம் என்னாவது என்கின்ற பயம் அவர்களுக்கு உள்ளூர இருந்தது. 1645-ல் பார்லிமெண்டு இரண்டு காரியங்கள் செய்தது. ஒன்று, பிரபுக்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் பட்டாள உத்தியோகத்தை விட்டு விலக வேண்டுமென்றது. (கிராம்வெல்லுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நமக்குப் பிடித்த மனிதர் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.) மற்றொன்று, 22,000 பேர் கொண்ட புதுமாதிரிப் படையொன்றை ஏற்படுத்தி, காலாட்சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ் சம்பளமென்றும், அதை வரிப் பணத்திலிருந்து ஒழுங்காகக் கொடுப்பதென்றும் ஏற்பாடு செய்தது. அந்தப் படையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஹ்யூஸன் கர்னல் ஆனான். வண்டியோட்டிப் பிழைத்தவன் என்று எதிரிகளால் பரிகசிக்கப்பட்ட பிரைடு என்பவனும் கர்னல் ஆனான். இராஜா கட்சிப் பிரபுக்கள் இதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்களாம். செருப்புத் தைக்கின்றவன் பட்டாளம் நடத்துவதா என்று! அந்தச் சிரிப்பு ஜூன் மாதத்தில் நின்றுவிட்டது.

1645-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி காலை, நார்தாம்டன் ஜில்லாவில் நேஸ்பி என்கின்ற சிறு கிராமத்துக்கு வடக்கே மேட்டு நிலத்தில் இரண்டு பட்டாளங்களும் சந்தித்தன. இராஜா பக்கம் சுமார் ஒன்பதாயிரம் முதல் பத்தாயிரம் பேர். பார்லிமெண்டுப் பக்கம் சுமார் பதினாலாயிரம் பேர். தலைமைத் தளபதி ஃபேர்பாக்ஸ். குதிரைப் படைக்குத் தலைவன் கிராம்வெல். அன்றைக்குப் பார்லிமெண்டுக்காரரின் குறிச்சொல் "கடவுளே நம் பலம்" என்பது. இராஜா கட்சியாரின் குறிச்சொல் "மேரி ராணி" என்பது. அதாவது ஒருவன் கடவுளையும் மற்றவன் பெண்ஜாதியையும் கூப்பிட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். கூப்பிட்டபோது இருவருமே வரவில்லை. ராணி அப்போது பிரான்சு தேசத்தில் இருந்தாள்.

சண்டை ஆரம்பித்ததும் இராஜாவின் மருமகனாகிய ரூபர்ட் இளவரசன் தன் குதிரைப் படையுடன் பாய்ந்து, எதிரே நின்ற ஐர்ட்டனுடைய படையைச் சிதற அடித்தான். ஐர்ட்டன் காயம்பட்டுப் பிடிபட்டான். நடுவில் காலாட்படைத் தலைவன் ஸ்கிப்பனும் குண்டுக் காயம் பட்டான். அந்த நிமிஷத்தில் பார்லிமெண்டுப் பட்டாளம் தோற்றுவிட்டதென்றே யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ரூபர்ட் என்ன செய்தான்? ஓடினவர்களைத் துரத்திக்கொண்டு யுத்தகளத்தை விட்டே வெளியே போய், பார்லிமெண்டாரின் மூட்டை முடிச்சு வண்டிகளண்டை நின்றான். மற்றொரு பக்கம் கிராம்வெல் தன் எதிரிலிருந்த குதிரைப் படையை முறியடித்தான். ஆனால் துரத்திக்கொண்டு ஓடவில்லை. அதற்கு ஒரு பகுதியை மாத்திரம் அனுப்பிவிட்டு, மிச்சப் படையை நிறுத்தித் திருப்பி, இராஜாவின் காலாட்படையைப் பக்கவாட்டில் தாக்கினான். ரூபர்ட் திரும்பி வந்து பார்க்கும்போது அவன் மாமனுக்குக் காலாட்படையே மிச்சமில்லை. சார்லஸ் தன்னிடமிருந்த கடைசிக் குதிரைப் படையுடன் பாயப் போனபோது, கார்ன்வாத் பிரபு அவனுடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டான். இராஜா திரும்புகிறான் என்று கண்டு பின்னாலிருந்தவர்களெல்லாம் ஓட்டமெடுத்தார்கள். கடவுளின் பிரதிநிதியுடைய கதியை நிர்ணயித்தது ஒரு தோல் வார்!

இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இராஜா பக்கத்தில் சுமார் ஆயிரம் பேர் செத்தார்கள். 4,500-க்கு மேற்பட்டவர்கள் கைதியானார்கள்.

இதில் கடவுளின் கை எங்கே இருக்கின்றது என்று கேட்கின்றோம். ஆள்பலம் அதிகம், சம்பளம் ஒழுங்கு, திறமையைப் பார்த்து உத்தியோகம், ஜெயித்தபின்னும் நில் என்றால் நிற்கும்படியான பழக்கம். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகின்ற காரணங்கள். ஆனால் அன்றைக்கே பார்லிமெண்டின் சபாநாயகருக்குக் கடிதம் எழுதிய கிராம்வெல், இது கடவுளின் கையேயன்றி வேறில்லை, புகழ் முழுவதும் அவருக்கே என்றான். வெயிலில் நின்று குண்டடி பட்டவன் சிப்பாய், புகழ் மேலே இருக்கிறவனுக்கு! அந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு நல்ல விஷயமும் எழுதியிருந்தான். அதாவது, இந்த ஜனங்கள் உயிரைக் கொடுத்து உங்களுக்கு ஊழியம் செய்தார்கள், ஆகையால் அவரவர் மனச்சாட்சிப்படி நடக்கும் சுதந்தரத்தை அவர்களுக்கு விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொண்டான். காமன்ஸ் சபையார் அந்தக் கடிதத்தை அச்சுப்போட்டு ஊரெல்லாம் பரப்பியபோது, கடவுளுக்குப் புகழ் என்கின்ற பாகத்தை வைத்துக்கொண்டு, மனச்சாட்சிச் சுதந்தரம் என்கின்ற பாகத்தை மாத்திரம் எடுத்துவிட்டார்கள். நண்பர் அவர்கள் இதைத் தயவு செய்து இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அன்றைய தினம் இராஜாவின் வண்டியில் அகப்பட்ட பெட்டியொன்றில் சார்லசுக்கும் அவன் ராணிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இருந்தது. வெளியே புராட்டஸ்டண்டு மதத்தைக் காப்பாற்றவே வாளெடுத்தேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தவன், உள்ளே கத்தோலிக்கர்களுக்கு விரோதமான சட்டங்களையெல்லாம் ரத்து செய்துவிடுவதாகவும், ஐர்லாந்திலிருந்தும் அந்நிய தேசங்களிலிருந்தும் படை வரவேண்டுமென்றும் எழுதியிருந்தான். கத்தோலிக்கர்களை இம்சை செய்த சட்டங்கள் ஒழிய வேண்டியவையே. அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அதை நியாயமென்று நினைத்தவன் பகிரங்கமாயல்லவோ சொல்ல வேண்டும்? ஒரு மதத்தாரிடம் ஒன்றும் மற்ற மதத்தாரிடம் வேறொன்றும் சொல்லி இரண்டு பேரையும் தன் சிம்மாசனத்துக்குக் காலாக வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் தெய்வீக உரிமையா? பார்லிமெண்டார் அந்தக் கடிதங்களை லண்டன் நகர மண்டபத்தில் ஜனங்கள் முன் வாசித்தார்கள். ஜூலை மாதத்தில் புஸ்தகமாகவும் அச்சிட்டார்கள். பொய்க் கடிதமென்று யாராவது சொல்லிவிடக் கூடாதென்பதற்காக, வந்து கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளலாமென்றும் அனுமதித்தார்கள். இராஜாவுக்கு நேஸ்பியில் ஆயிரம் ஆட்கள் செத்ததைக் காட்டிலும் இந்தப் புஸ்தகத்தினால் ஏற்பட்ட நஷ்டமே பெரிது என்பது நமது அபிப்பிராயம். சாமிக்குப் பின்னால் நின்று பேசுகின்றவனைத் திரையை விலக்கிக் காட்டின மாதிரியல்லவா அது!

இனிச் சொல்லப் போவது நம் மனதுக்குக் கஷ்டமான சங்கதி. ஆனாலும் சொல்லித்தான் தீர வேண்டும்.

தோற்ற பட்டாளத்துக்குப் பின்னால் அதற்குச் சோறு ஆக்கவும் துணி துவைக்கவும் வந்த பெண்கள் இருந்தார்கள். சிப்பாய்களின் பெண்ஜாதிகளும் இருந்தார்கள். பைபிளும் கையுமாயிருந்த பார்லிமெண்டுக் குதிரைப்படை அவர்கள்மேல் பாய்ந்து, குறைந்தது நூறு பெண்களை வெட்டிக் கொன்றது. மற்றவர்களின் முகத்தைக் கீறியும் மூக்கை அறுத்தும் விட்டது. என்ன காரணம்? ஐரிஷ்காரிகள், அதாவது கத்தோலிக்கர்கள் என்றார்கள். அல்லது வேசிகள் என்றார்கள். அவர்களில் பலர் வேல்ஸ் தேசத்து ஏழைப் பெண்கள் என்றும், அவர்கள் பேசிய பாஷை புரியாமல் ஐரிஷ் என்று எண்ணிவிட்டார்கள் என்றும் சரித்திரக்காரர்கள் கருதுகின்றார்கள். ஐரிஷ்காரிகளாகவே இருந்தால்தான் என்ன? சட்டியும் கரண்டியும் வைத்திருந்தவர்கள் அவர்கள். இராஜாவின் தலையை வாங்கும் தைரியத்தைக் கடவுள் பக்தி கொடுத்தது என்று சொல்லும் நண்பர், சமையற்காரியின் மூக்கை அறுக்கும் தைரியத்தையும் அதுவேதான் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வரவை மட்டும் கடவுள் கணக்கில் எழுதி, செலவை மனிதன் கணக்கில் எழுதுவது யோக்கியமான கணக்காகாது.

அதே கோடைகாலத்தில் பார்லிமெண்டின் ஆதிக்கத்திலிருந்த கிழக்கு ஜில்லாக்களில் மாத்யூ ஹாப்கின்ஸ் என்பவன் சூனியக்காரிகளைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஊர் ஊராய்ப் போனான். கிழவிகளைத் தூங்கவிடாமல் இராப்பகலாய் உட்கார வைத்து, உளறினதையெல்லாம் வாக்குமூலமாக எழுதிக்கொண்டான். நேஸ்பி சண்டைக்கு இரண்டரை மாதம் பொறுத்து, ஆகஸ்டு 27-ந் தேதி, பரி செயிண்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 18 பேரைத் தூக்கில் போட்டார்கள். அதில் 16 பேர் பெண்கள். இராஜா கடவுளின் அவதாரமல்ல என்று தெரிந்துகொண்ட ஜனங்களுக்கு, அண்டை வீட்டுக் கிழவி பிசாசின் வேலைக்காரியல்ல என்பது தெரியவில்லை. பாதி மூடநம்பிக்கையை விட்டுப் பாதியை வைத்துக்கொண்டால் இப்படித்தானாகும்.

கிராம்வெல்லின் கடவுளை 1649 செப்டம்பரில் ஐர்லாந்து ஜனங்களும் பார்த்தார்கள். டிரோகடா என்கின்ற நகரத்தைப் பிடித்தபோது, சரணடைந்தவர்களையும் பாதிரிகளையும் சேர்த்துச் சுமார் மூவாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கும் அவன் எழுதியது இது கடவுளின் நியாயத் தீர்ப்பு என்பதே. மனிதன்மேல் பழி போட்டால் மனிதன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடவுள்மேல் போட்டால் கேட்பார் யார்?

அப்படியானால் அந்தச் சண்டையில் நாம் பாராட்டத்தக்கவர்களே இல்லையா என்றால், இருக்கின்றார்கள். அவர்கள் பெயர் பாடப் புஸ்தகங்களில் பெரிய எழுத்தில் இராது. 1647-ல் யுத்தம் முடிந்தவுடன் பார்லிமெண்டார் பட்டாளத்தைக் கலைத்துவிடப் பார்த்தார்கள். அப்போது காலாட்சிப்பாய்க்கு 18 வாரச் சம்பளமும், குதிரைச் சிப்பாய்க்கு 43 வாரச் சம்பளமும் பாக்கி. சிப்பாய்கள் கலைய மறுத்து, படைப்பிரிவுதோறும் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அக்டோபர் 28-ந் தேதி லண்டனுக்கு அருகில் பட்னி என்ற ஊர்க் கோவிலில் தளபதிகளுக்கு எதிரே உட்கார்ந்து வாதாடினார்கள். கர்னல் ரெயின்ஸ்பரோ என்பவர், இங்கிலாந்திலுள்ள பரம ஏழைக்கும் பெரிய மனிதனைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை உண்டு, ஆகையால் தன் சம்மதத்தைக் கொடுக்காத அரசாங்கத்துக்கு அவன் கட்டுப்பட்டவனல்ல என்ற கருத்தைச் சொன்னார். அதற்கு நேஸ்பியில் காயம்பட்ட அதே ஐர்ட்டன், சொத்தில்லாதவனுக்கு ஓட்டு இல்லையென்றான். சாகும்போது சொத்துக் கணக்குப் பார்க்காதவர்கள் ஓட்டுக் கொடுக்கும்போது பார்த்தார்கள்! அந்த ஓட்டு இங்கிலாந்தின் எல்லா ஆண்களுக்கும் 1918-ல்தான் வந்தது. பெண்களுக்கு ஆண்களோடு சமமாக வர 1928 வரையில் ஆயிற்று. பட்னியில் கேட்டதைப் பிடிவாதமாகக் கேட்ட சிப்பாய்களில் மூன்று பேரை 1649 மே மாதத்தில் பர்போர்டு என்ற ஊர்க் கோவில் சுவரண்டை நிறுத்திச் சுட்டுக் கொன்றவர்கள் கிராம்வெல்லும் ஃபேர்பாக்சுமே.

சார்லசை விசாரித்து 1649 ஜனவரி 30-ந் தேதி பகிரங்கமாகத் தலையை வெட்டினார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் மேடையடியில் கைக்குட்டையை இரத்தத்தில் தோய்த்து எடுத்துப் போனவர்கள் அது கண்டமாலை வியாதியைத் தீர்ப்பதாகச் சொன்னார்கள். 1660-ல் அவன் மகன் திரும்பி வந்தபோது அந்த வியாபாரமும் கூடவே வந்தது. இரண்டாவது சார்லஸ் தன் ஆட்சிக் காலத்தில் சுமார் 90,000 பேரைக் கண்டமாலை தீரக் கையால் தொட்டான். தொட்டவர்களுக்கெல்லாம் கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு தங்கக் காசு. கையின் மகிமையா, காசின் மகிமையா என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தலை வெட்டப்பட்ட தினத்தை வருஷந்தோறும் கோவிலில் தியாகித் திருநாளாக ஜெபம் செய்யும்படி உத்தரவு போட்டார்கள். 1859 வரையில் அது ஜெப புஸ்தகத்தில் இருந்தது.

இந்தப் பைத்தியம் நம் சென்னைக் கோட்டை வரையில் வந்தது என்றால் சிலர் நம்பமாட்டார்கள். 1665-ல் சென்னை ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியாரின் கவர்னராக வந்த ஃபாக்ஸ்கிராப்ட் என்பவர் இராஜாவுக்கு விரோதமாகப் பேசினார் என்று குற்றஞ்சாட்டி, அவருக்கு முன் அந்த உத்தியோகத்திலிருந்த விண்டர் என்பவன் அவரைக் கைதியாக்கிக் கோட்டையைத் தானே பிடித்துக்கொண்டான். 1668 வரையில் அவர் காவலிலிருந்தார். உண்மையில் விண்டருக்கு வேண்டியிருந்தது உத்தியோகம். அதற்கு இராஜபக்தி நல்ல போர்வையாக உதவிற்று.

இப்போது மட்டுமென்ன? 2023-ம் வருஷம் மே 6-ந் தேதி அதே பெயருள்ள மூன்றாவது சார்லசுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் கோவிலில் முடிசூட்டும்போது, ஜெருசலேமிலிருந்து மந்திரித்துக் கொண்டுவந்த எண்ணெயைத் தலைமைப் பிஷப்பு தடவினார். அந்தச் சடங்கு மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாமல் திரைக்குள் நடந்தது. நேஸ்பிக்கு முன் 1642-ல் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிஷப்புகள் 1661-ல் திரும்பி வந்தவர்கள், இன்றைக்கும் 26 பேர் அங்கே உட்கார்ந்திருக்கின்றார்கள்.

கேள்வி கேட்ட நண்பர் அடுத்த கூட்டத்துக்கும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். வரட்டும். நேஸ்பியில் ஜெயித்தது கடவுளின் கைதான் என்றால், அந்தச் சிப்பாய்களுக்கு 1647-ல் பாக்கியிருந்த 18 வாரச் சம்பளத்தை யாரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்பதை மாத்திரம் அவர் யோசித்து வைத்துக்கொண்டு வரட்டும்.